சிலம்பு உடைந்த அவையும் கிராம சபையும்

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் இருபதாவதாகிய வழக்குரை காதையைப் போல் மேடைகளில் மிகுதியாகப் பேசப்படும் பகுதி வேறில்லை எனலாம். விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக நிற்கும் கண்ணகியைப் பேச்சாளர் நம் கண்முன் நிறுத்துவார், கைதட்டல் எழும், மதுரை எரியும், கூட்டம் கலையும். அவளது சினத்தையே கேட்டுப் பழகிய நாம், அக்காதையின் உயிர்நாடியைத் தவற விட்டுவிட்டோமோ என்பது என் ஐயம்.

காதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாயிலோன் செய்தி சொல்ல, அரசன் அவளை உள்ளே வரவிடுகிறான். யார் நீ என்று கேட்கிறான். அவள் சாபத்தோடு தொடங்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் முதலில் நினைவூட்டுகிறாள். ஆட்சிக்கு ஓர் அளவுகோல் உண்டு என்பது அதன் பொருள். பிறகே தன் ஊரையும் கணவன் பெயரையும் வழக்கையும் உரைக்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் மன்னன். அதற்கு அவள் தரும் விடை கண்ணீரன்று, சான்று: தன் சிலம்பின் பரல் மாணிக்கம். அரண்மனைச் சிலம்பின் பரலோ முத்து. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. கண்ணகியை வெல்லச் செய்தது அவள் சினம் அன்று. அவள் அறிந்து வைத்திருந்த உண்மை. பாண்டியனுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. தனக்கு எதிரான சான்றைத் தானே அவையில் வைத்தான். பொற்கொல்லன்மீது பழியைப் போட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

எனினும் இக்காதையில் ஒரு பெருங்குறை உண்டு. அது இளங்கோவின் குறையன்று. அவர் காட்டும் ஆட்சியின் குறை. நீதி காலந்தாழ்ந்து வருகிறது. பரல் எது என்ற ஒரே கேள்வியைக் கோவலன் உயிரோடிருந்தபோது கேட்க ஒருவரும் இல்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்திலும் இதையே காண்கிறோம். எலியா ஆகாபுக்கு முன் நின்றபோது நாபோத்து இறந்துபோயிருந்தான்.

எங்கள் திருவாதவூர் அமைந்த மேலூர் வட்டாரத்தில் 2024இன் இறுதியில் நடந்தது இங்குதான் வேறுபடுகிறது. அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஏலம் விடப்பட்டு, இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக அந்த நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனுள்ளே 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193 எக்டேர் நிலத்தின் பகுதியும் அடங்கியிருந்தது. நவம்பர் 23ஆம் நாள் கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. டிசம்பர் 9இல் சட்டப்பேரவையும் தீர்மானித்தது. 2025 சனவரி 7இல் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தனர். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. பதவி முடிந்தும் ஊர் நடந்தது. சனவரி 23இல் ஏலம் கைவிடப்பட்டது. ஒரு குழிகூடத் தோண்டப்படும் முன்னரே வழக்குரைக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு.

ஆனால் இன்றைய கண்ணகிக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவள் எந்த வாயிலில் நிற்பது? மாநில அரசு உரிய காலத்தில் எதிர்க்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. ஓர் அரசன் இருந்த இடத்தில் இன்று இரண்டு அரண்மனைகள். ஒன்று மற்றொன்றைச் சுட்டும். இங்கே சிலம்பின் பரல்கள் கடிதங்களும் தேதிகளும் கூட்டக் குறிப்புகளுமே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றை உடைத்துப் பார்க்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. முழக்கமிடத் தெரிந்த நாம் அதை எத்தனை முறை கையாண்டோம்?

பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ள இம்மண் நம்மை விடாது. இதே மேலூர்ப் பகுதியில்தான் மேலவளவு இருக்கிறது. 1997 சூன் 30இல், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றவர்களும் மதுரை ஆட்சியர் அலுவலகத்திற்கு மனுவோடு சென்று பேருந்தில் திரும்புகையில் கொல்லப்பட்டனர். தலித் ஒருவர் அப்பதவியில் அமர்ந்ததே குற்றமாகக் கருதப்பட்டது. அவர்களும் வழக்குரைக்கச் சென்றவர்களே. அவர்களுக்காக எந்த ஊர் தல்லாகுளம் வரை நடந்தது? நிலத்துக்காக ஒன்றுகூடும் ஊர், தன்னுள் ஒதுக்கப்பட்டவனுக்காகவும் கூடும் நாளில்தான் கிராம சபை என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

எனவே வழக்குரை காதையைப் படிப்போர் தீயோடு நிறுத்திவிட வேண்டாம். முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிவிட்டே அத்தீ சென்றது என்று காப்பியம் சொல்வது உண்மையே. ஆயினும் எரிந்தது மதுரை; மன்னனோ முன்பே மாண்டிருந்தான். சினம் வாயிலைத் திறக்கலாம். வழக்கை வெல்வது சான்றுதான்.

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் இது. குதிரை வாங்கத் தந்த பொன்னுக்குப் பாண்டியன் தன் அமைச்சரிடம் கணக்குக் கேட்ட கதையை இவ்வூர்க் குழந்தைகளும் அறிவர். அன்று கணக்குக் கேட்கும் உரிமை மன்னன் ஒருவனுக்கே இருந்தது. இன்று பொன் நம்முடையது. கணக்குக் கேட்கும் இடமும் நம்முடையது. அடுத்த கிராம சபை கூடும் நாளில், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீட்டில் அமர்ந்திருப்போமாயின், பிறகு சிலம்பை உடைத்து என்ன பயன்?