ஆபத்தும் ஆஃபத்தும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' 40 நூல்களாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 24ஆவது 'ஆஃபாத்துல் லிஸான்'. இத்தலைப்பைத் தமிழாக்க முனைவோருக்கு முதலில் தோன்றுவது 'நாவின் ஆபத்துகள்' என்பதே. ஓசையும் பொருளும் ஒருங்கே இசைவதுபோல் தோன்றுவதால் மேற்கொண்டு எவரும் ஆராய்வதில்லை.

ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. 'ஆபத்து' வடமொழியின் 'ஆபத்'; வந்து விழுவது என்னும் வேர்ப்பொருளுடையது. இடி, வெள்ளம், பகைவன் எனப் புறத்திலிருந்து வருவதையே அது சுட்டும். அரபியின் 'ஆஃபத்' அத்தகையதன்று. நோய் பற்றிய பயிரை 'மஊஃப்' என்பர் அரபியர். நல்லதொன்றினுள் புகுந்து அதனைப் பாழாக்குவதே ஆஃபத். கல்விக்கு ஆஃபத் மறதி என்னும் அரபு வழக்கில் 'ஆபத்து' என்று வைத்துப் பாருங்கள், பொருந்தாது. இன்றும் பயிர்ப் பூச்சிகளுக்கு அரபியில் ஆஃபாத் என்றே பெயர். (உருது கஸல் கவிஞர்கள் காதலியையே ஆஃபத் ஆக்கிவிட்டனர், அது வேறு கதை.)

அரபுத்தமிழில் இக்குழப்பத்துக்கு இடமிருந்திராது. அரபியில் இல்லாத பகரத்துக்கு நம் முன்னோர் தனி எழுத்தே அமைத்துக்கொண்டனர். ஆகவே இரு சொற்களும் கண்ணுக்கே வேறாகத் தெரியும். தமிழ் எழுத்தில் ஆய்தத்தை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இது வெறும் எழுத்துச் சிக்கலன்று. இமாம் அவர்கள் எண்ணும் 20 ஆஃபத்துகளில் பொய்யும் புறமும் உண்டு. 18ஆவதாகப் புகழ்ந்துரைத்தலும் உண்டு. புகழ்ச்சியில் என்ன ஆபத்து என்று தமிழ் வாசகர் திகைப்பார். அதில் 6 ஆஃபத்துகள் புகுகின்றன, 4 புகழ்பவரிடத்தும் 2 புகழப்படுபவரிடத்தும் என்கிறார் இமாம். மிகையும் முகத்துதியும் ஒருவரை அரிக்கின்றன. பெருமையும் தன்னிறைவும் மற்றவரை அரிக்கின்றன. பயிர் நோய் என்று கொண்டாலன்றி இக்கணக்கு விளங்காது. பேசும் ஆற்றல் அருட்கொடை என்பதும், அதனுள்ளேதான் அழுகல் தொடங்குகிறது என்பதும் இமாமின் வாதத்தின் உயிர்நிலை. 'ஆபத்து' என்றதும் நாவே பகைப்பொருளாகி, அவ்வாதம் மறைந்துபோகிறது.

அதே நூலின் தொடக்கப் பகுதிக்கு இமாம் அவர்கள் வேறொரு சொல்லை ஆள்கிறார்: 'கத்தர்'. நாவின் கத்தர் எத்துணைப் பெரிது, மௌனத்தின் சிறப்பு யாது என்பதே அப்பகுதி. கத்தர் என்பது பந்தயத்தில் வைக்கும் பணயத்தையும் குறிக்கும். இழந்துவிடக்கூடும் என்னும் அச்சம் அதில் உண்டு. இரண்டையும் 'ஆபத்து' என்றே பெயர்த்தால் ஆசிரியர் வேறுபடுத்தியதை நாம் ஒன்றாக்கியவர்களாவோம்.

'பீடை' பயிரோடு ஒட்டிய சொல். இலங்கையில் பூச்சிமருந்தைப் பீடைநாசினி என்பர். எனினும் தமிழகத்தில் அது துர்ப்பேறு என்னும் பொருளுக்குச் சாய்ந்துவிட்டது. 'கேடு' மேலானது. பால் கெட்டது என்கையில் வெளியிலிருந்து எவரும் தாக்கியதாக நாம் எண்ணுவதில்லை. நூலின் தலைப்புக்கு 'நாவின் கேடுகள்' என்பதையும், தொடக்கப் பகுதிக்கு 'நாவின் பேராபத்து' என்பதையும் வைக்கலாம்.