சிரிப்பு நின்ற இடம்

கேலிச் சித்திரத்துக்கு ஆயுசு குறைவு என்று சொல்வார்கள். கேலிக்கு ஆளானவன் மறைந்ததும் கேலியும் மறைந்துவிடும். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஓனோரே தோமியேயின் கல்லச்சுப் படங்களைப் பார்த்த பிறகு இந்த அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1830-ஆம் வருஷப் புரட்சியால் பட்டத்துக்கு வந்தவன் லூயி பிலிப். பத்திரிகைச் சுதந்திரம் தருவதாக வாக்களித்துத்தான் வந்தான். சீக்கிரமே வழக்குகள் ஆரம்பித்துவிட்டன. 'லா கரிகாத்தூர்' பத்திரிகையை நடத்திய ஷார்ல் பிலிப்போன் 1831 நவம்பரில் கோர்ட்டிலே நாலு படங்களைக் காட்டினார். முதல் படம் ராஜாவின் முகம். கொஞ்சம் கொஞ்சமாக மாறி நாலாவதில் அது பேரிக்காய் ஆகிவிடுகிறது. எந்தப் படத்தில் குற்றம் ஆரம்பிக்கிறது என்பது அவர் வாதம். தண்டனையிலிருந்து தப்பவில்லை, ஆனால் பேரிக்காய் பாரிஸ் சுவர்களில் எல்லாம் ஏறிவிட்டது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அசடன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு.

அடுத்த மாதமே, இருபத்துமூன்று வயதுத் தோமியே, ராபெலே கதையில் வரும் பெருந்தீனி ராட்சசனாக ராஜாவை வரைந்தார். வாய்வரை சாய்த்துவைத்த பலகை வழியே ஏழைகளின் காசு கூடை கூடையாக ஏறுகிறது. ஆசனத்துக்கு அடியில் பதவிகளும் பட்டங்களும் விழுகின்றன. இதற்கு ஆறு மாதச் சிறை.

கெட்டிக்காரப் படங்கள்தான். ஆனால் இன்று அவற்றை ரசிக்க லூயி பிலிப் யார் என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

1834 ஏப்ரலில் பாரிஸில் கலகம். திரான்ஸ்நோனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தது என்று சிப்பாய்கள் உள்ளே புகுந்து, இருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியே வரைந்தது அதற்கு அடுத்த நிமிஷத்தை. இராச் சட்டையும் குல்லாயுமாகக் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறான் ஒருவன். அவன் உடம்பின் அடியில் ஒரு குழந்தை. கவிழ்ந்த நாற்காலி. கொன்றவர்கள் படத்தில் இல்லை; ராஜா இல்லை; சிரிப்பும் இல்லை. தலைப்பு தெருவின் பெயரும் தேதியுமே.

1835 செப்டம்பரில் சர்க்கார் சட்டம் செய்தது. எழுத்து அபிப்பிராயம், படமோ செயல். ஆகையால் படங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றார்கள். தோமியேயின் பலத்தைச் சரியாக அளந்தவர்கள் அவர்கள்தான்.

பேரிக்காயை வரையப் பகைமை போதும். இந்தப் படத்துக்குத் துக்கம் வேண்டியிருந்தது. ராஜாவை அறியாதவனும் இதன் முன் நின்றுவிடுகிறான்.