சவரம் செய்யாத கேரி கிராண்ட்

ஒருவனை ஆளில்லாத் தீவில் இறக்கிவிட்டாயிற்று. அவனுடைய மோட்டார் படகை, விடைபெற்றுத் திரும்புகிற போர்க்கப்பல் ‘தவறுதலாக’ இடித்து ஓட்டை போட்டுவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு சிறு தோணி மட்டும். அவன் உயிராக நினைக்கிற விஸ்கிப் புட்டிகள் தீவெங்கும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இனி அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரி விமானம் தென்பட்டால் ரேடியோவில் சொல்ல வேண்டும். சொன்னது உண்மைதான் என்று உறுதியானால், ஒரு புட்டி எங்கே இருக்கிறது என்று மறுமுனையிலிருந்து பதில் வரும்.

1964-இல் வெளிவந்த ‘ஃபாதர் கூஸ்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. நகைச்சுவைப் படம் எழுத விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்ட நினைப்பது இந்தப் பகுதியைத்தான். நாயகனுக்கு என்ன வேண்டும், அதை யார் மறித்து நிற்கிறார், அவன் எவ்வளவு தூரம் வளைந்து கொடுப்பான் என்பதையெல்லாம் ஒரே ஒரு புட்டி சொல்லிவிடுகிறது. அவன் நல்லவனா, நாட்டுப்பற்று உள்ளவனா என்று யாரும் வசனம் பேச வேண்டிய தேவையே எழவில்லை.

கதை நடப்பது 1942 பிப்ரவரியில். ஜப்பானியப் படை இறங்கப்போகிறது என்று நியூகினியின் சலமௌவா ஊரை ஆஸ்திரேலியக் கடற்படை காலி செய்துகொண்டிருக்கிறது. அந்தக் களேபரத்தில் தன் படகுக்கு எண்ணெய் தேடி வந்து சிக்கிக்கொள்கிறான் வால்டர் எக்லண்ட் என்ற அமெரிக்கன். போர் யாருக்கும் யாருக்கும் நடந்தாலும் தனக்கென்ன என்றிருக்கிற கரையோர நாடோடி. கமாண்டர் ஹௌட்டன் அவனுடைய பழைய நண்பர். அவர் வலுக்கட்டாயமாக அவனை மட்டலாவா என்ற கற்பனைத் தீவில் கரைக்காவலனாக்கிவிடுகிறார்.

இந்தக் கரைக்காவலர்கள் கற்பனையல்ல. பசிபிக் தீவுகளில் தோட்டக்காரர்களும் வணிகர்களும் அரசு அலுவலர்களும் எதிரி எல்லைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ரேடியோவில் தகவல் அனுப்பினார்கள். ஆஸ்திரேலியக் கடற்படையின் எரிக் ஃபெல்ட் நடத்திய அந்த அமைப்புக்கு ‘ஃபெர்டினண்ட்’ என்று மறைபெயர். சண்டைக்குப் போக மறுத்து, மரத்தடியில் உட்கார்ந்து பூ முகர்ந்துகொண்டிருக்கும் காளையைப் பற்றிய சிறுவர் கதையிலிருந்து எடுத்தது. உங்கள் வேலை சண்டையிடுவதல்ல, பார்த்துச் சொல்வதுதான் என்று அவர்களுக்கு நினைவூட்டவே ஃபெல்ட் அந்தப் பெயரை வைத்தார். 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் நோக்கிப் பறந்த குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி பூகன்வில் தீவிலிருந்து முன்கூட்டியே சொன்னவர்கள் ஜாக் ரீடும் பால் மேசனும். மறு ஆண்டு, ஜான் கென்னடியின் படகு உடைந்தபோது அவரும் தோழர்களும் மீட்கப்பட வழி செய்தவர் ரெக் எவன்ஸ் என்ற இன்னொரு கரைக்காவலர்.

படத்தில் வால்டருக்கு வைக்கிற மறைபெயர் ‘மதர் கூஸ்’, குழந்தைப் பாட்டுகளில் வருகிற வாத்துப் பாட்டி. ஹௌட்டனின் பெயர் ‘பிக் பேட் வுல்ஃப்’, அதாவது கதைகளில் வருகிற கெட்ட ஓநாய். வெறும் வேடிக்கை என்று முதல் தடவை நினைத்தேன். ஃபெர்டினண்ட் காளையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் வரலாற்றின் வாசனை அதற்குள் இருப்பது புரிந்தது.

வால்டராக வருகிற கேரி கிராண்டுக்கு அப்போது வயது 60. ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் விமானம் துரத்த வயல்வெளியில் ஓடினாலும் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் கலையாமல் இருந்த மனிதர். ஆண் அழகாக உடுத்துவது எப்படி என்று இரண்டு தலைமுறைக்குக் காட்டியவர். இங்கே நரை ஓடிய நான்கு நாள் தாடி, கசங்கிய சட்டை, பழைய தொப்பி. ஆனால் தன் இயல்புக்கு மிக நெருக்கமான பாத்திரம் இதுதான் என்று அவரே சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பார்க்கும்போது அதை நம்பத் தோன்றுகிறது.

சட்டை கசங்கியதும்தான் அவருடைய தொழில் கண்ணுக்குத் தெரிகிறது என்பது என் எண்ணம். பிரிஸ்டலில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்து, சிறு பையனாக பாப் பெண்டரின் கழைக்கூத்துக் குழுவில் சேர்ந்து, பொய்க்கால் நடையும் குட்டிக்கரணமும் பழகியவர். 1920-இல் நியூயார்க் வந்ததும் அந்தக் குழுவோடுதான். விழத் தெரிந்த உடம்பு அது. தோணியிலிருந்து இறங்கும்போது தடுமாறுவதையும், புட்டி இருக்கும் இடம் தெரிந்ததும் காட்டுக்குள் பாய்வதையும் கவனித்துப் பாருங்கள். தடுமாற்றத்தில் ஒரு தாளம் இருக்கிறது. கால் வழுக்குகிற கணத்துக்கும் முகம் அதை உணர்கிற கணத்துக்கும் நடுவில் அரை நொடி விடுகிறார். அந்த அரை நொடியில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. மற்ற படங்களில் இந்தக் கலை நேர்த்தியான உடைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

இயக்குநர் ரால்ஃப் நெல்சன் அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘லிலீஸ் ஆஃப் த ஃபீல்ட்’ எடுத்திருந்தார். வழிப்போக்கனாக வரும் சிட்னி பாட்டியரைக் கன்னியாஸ்திரீகள் சிலர் பிடித்துவைத்துக்கொண்டு தங்களுக்குத் தேவாலயம் கட்ட வைக்கிற கதை. எதிலும் ஒட்டாமல் போக நினைக்கிற ஆணைப் பெண்களின் கூட்டம் ஒன்று வேர்விட வைப்பதை இரண்டாவது தடவையாகச் சொல்கிறார். இந்தத் தடவை கன்னியாஸ்திரீகளுக்குப் பதில் ஏழு பள்ளிச் சிறுமிகள், அவர்களுக்குப் பொறுப்பாக காத்ரீன் என்ற பிரெஞ்சுப் பெண். தனக்கு மாற்றாக வரவேண்டிய காவலரை அழைத்துவர நாற்பது மைல் கடலில் தோணி ஓட்டிப் போகிறான் வால்டர். காவலர் குண்டுவீச்சில் இறந்துவிட்டார். அழைத்து வருவது இந்த எட்டுப் பேரை.

அதன் பிறகு நடப்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குடிசை சிறுமிகளுக்குப் போகிறது, விஸ்கி காத்ரீனின் காவலுக்குப் போகிறது, வால்டர் வெளியே போகிறான். காத்ரீனாக வருகிற லெஸ்லி கரோன் பாலே நடனக்காரி; ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தில் ஜீன் கெல்லியோடு ஆடியவர். முதுகை நிமிர்த்தி அவர் நிற்கிற நிலையே ஒரு கண்டிப்பான பள்ளிக்கூடம். வளைந்து நெளிந்து நிற்கும் கிராண்டின் எதிரே அந்த நேர்கோட்டை நிறுத்தினால் போதும், பாதிச் சண்டை வசனமில்லாமலே நடந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டணி காதலர்கள் அல்ல, ரேடியோவின் இருமுனைகள்தான். ஹௌட்டனாக வருகிற ட்ரெவர் ஹவர்ட் ‘ப்ரீஃப் என்கவுண்டர்’ படத்தில் அடக்கமான காதலனாக உருக வைத்தவர். இங்கே தொடக்கக் காட்சிகளுக்குப் பிறகு அவரும் கிராண்டும் ஒரே சட்டகத்தில் அநேகமாக வருவதில்லை. ஒருவர் அலுவலகத்தில் சீருடையோடு, மற்றவர் கீற்றுக் கொட்டகையில் கந்தலோடு. எதிராளியின் முகம் கண்முன் இல்லாமல், காதில் விழுவதற்கு மட்டும் முகத்தால் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு ஆடுவதுபோல அது அமைந்திருக்கிறது. வெட்டி ஒட்டிய டெட் கென்ட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம்தான்.

படத்தின் உச்சம் பாம்புக் காட்சி. காத்ரீனைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வால்டர் காயத்தை வாயால் உறிஞ்சித் துப்புகிறான். ரேடியோவில் கேட்டால், இதற்கு மருந்தே கிடையாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள் என்கிறார்கள். அவனிடம் இருக்கும் ஒரே மருந்து விஸ்கி. இத்தனை நாள் ஒவ்வொரு புட்டிக்கும் பேரம் பேசியவன், சாகப்போகிறவளுக்குக் கணக்குப் பார்க்காமல் ஊற்றிக் கொடுக்கிறான். தொடக்கத்தில் அவனைக் கட்டிப்போட்ட அதே சரக்கு இப்போது அவன் கொடுக்கிற பொருளாகிவிட்டது. போதை ஏற ஏற அவளுடைய நிமிர்ந்த முதுகு இளகுகிறது. அவனோ குடிக்காமலே இளகுகிறான். சாவு உறுதி என்று இருவரும் நம்புவதால் பொய் பேச வேண்டிய அவசியம் போய்விடுகிறது. கிராண்ட் இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் சொல்வதைக் கேட்கிறவராக மட்டும் இருக்கிறார். சிரிப்பும் தொண்டை அடைப்பும் ஒரே மூச்சில் வருகிற இப்படியொரு காட்சி அந்தக் காலப் படங்களில் அபூர்வம். கடித்தது பாம்பே அல்ல, முள் நிறைந்த குச்சி என்று பிறகு தெரிகிறது. ஆனால் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதே.

பீட்டர் ஸ்டோனும் ஃபிராங்க் டார்லாஃபும் எழுதிய திரைக்கதைக்கு, கதாசிரியர் எஸ். எச். பார்னெட்டோடு சேர்த்து, ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிராண்டுக்காக ‘ஷராட்’ எழுதியவரும் ஸ்டோன்தான். டார்லாஃபோ ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி, சொந்தப் பெயரில் எழுத முடியாமல் பல ஆண்டுகள் கழித்தவர். மேடையில் ஸ்டோன் கிராண்டுக்கு நன்றி சொன்னார், மற்றவர்களுக்கே பரிசு வாங்கித் தந்துகொண்டிருப்பவர் என்று. நடிப்புக்கான போட்டியில் கிராண்ட் ஒருமுறைகூட வென்றதில்லை. 1970-இல் கௌரவ விருதுதான் கொடுத்தார்கள்.

குறையும் உண்டு. ஜமைக்காவில் படம் பிடித்துவிட்டுப் பசிபிக் என்கிறார்கள். அதை மன்னிக்கலாம், சார்ல்ஸ் லாங்கின் ஒளிப்பதிவில் தென்னைகளுக்குப் பின்னால் இருக்கும் நீலம் எந்தக் கடலுடையது என்று கேட்கத் தோன்றாது. மன்னிக்கக் கடினமானது, தீவுவாசிகள் படத்தில் இல்லாததுதான். உண்மையான கரைக்காவலரின் ரேடியோவைக் காட்டுக்குள் தூக்கிச் செல்லப் பன்னிரண்டு பேருக்கு மேல் தேவைப்பட்டது. தூக்கியவர்கள், உளவு சொன்னவர்கள், உணவு கொண்டுவந்தவர்கள் எல்லாம் அந்த மண்ணின் மக்கள். கென்னடியின் செய்தியைத் தேங்காய் ஓட்டில் கொண்டுபோனவர்களும் அவர்களே. மட்டலாவாவைக் காலியான தீவாக்கியதில் கதைக்கு வசதி கிடைத்தது, வரலாற்றுக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இருந்தும் நான் இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். போகும்போதெல்லாம் காத்திருப்பது அந்தக் கல்யாணத்துக்காகத்தான். பாதிரியார் ரேடியோவின் மறுமுனையில், மணமக்கள் இந்த முனையில், சுற்றிலும் ஏழு சிறுமிகள். நடுவில் ஜப்பானிய விமானம் தாழப் பறந்து சுடுகிறது. படம் முழுக்க வானத்தைப் பார்க்கச் சம்பளமாகப் புட்டி வாங்கியவன், அன்றைக்கு மட்டும் வானத்தைப் பார்க்க மறந்திருந்தான்.