சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது எல்லா ஊருக்கும் பழமொழி. விருத்தாசலத்துக்கு அது தொழில் விதி. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணாலும் வளர்ந்த பீங்கான் தொழில் இந்த ஊருடையது. பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி எடுத்த பொம்மைக்குக் கை முறிந்துபோனால், ஈரம் இருக்கும்வரை அதே கூழைத் தடவி ஒட்டிவிடலாம். காய்ந்து நொறுங்கினால்கூடத் தண்ணீரில் போட்டால் மறுபடி கூழாகும். சூளைக்குள் போய்வந்த பிறகு முறிந்ததை எந்த மண்ணும் சேர்க்காது.

கட்டற்ற மென்பொருள் சமூகம் ஒன்றில் சேர்ந்து பங்களிக்க விரும்பும் விருத்தாசலத்து மாணவர் ஒருவருக்கு இன்று சொல்லப்படும் யோசனைகளை இந்த விதியில் வைத்து உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் 1991இல் பிறந்தது. ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. பல ஆண்டுகள் வெந்த பாத்திரங்கள் இவை. "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று இந்தச் சமூகங்கள் சொல்வது பொய்யில்லை. வரலாம் என்பதும் ஒட்டும் என்பதும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

ஒட்டியதா என்று பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். வந்தவர் செய்த வேலையால் அந்த மென்பொருளைப் பராமரிப்பவரின் சுமை குறைந்ததா, கூடியதா? செய்ததை யாராவது படித்துப் பார்த்து, "இது சரி, இது தவறு" என்று வந்தவரிடம் திருப்பிச் சொன்னார்களா? முதல் கேள்வி சமூகத்துக்காக. இரண்டாவது புதியவருக்காக.

எல்லோரும் முதலில் காட்டும் வாசல் எழுத்துப்பிழை திருத்தம். ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு ஒற்றைச் சரிசெய்து அனுப்பு, நீயும் பங்களிப்பாளர் என்கிறார்கள். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் இந்த யோசனையைத் திருவிழாவாக்கியது. 2020இல் அக்டோபர் மாதத்துக்குள் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். அந்த ஆண்டு, சம்பந்தமே இல்லாத நிரல்களின் ரீட்மீ கோப்புகளில் "அருமையான திட்டம்" என்ற பொருளில் ஓரிரு சொற்களைச் செருகி அனுப்பிய குப்பை குவிந்தது. பராமரிப்பாளர்கள் கொதித்தெழ, சில நாட்களுக்குள் விதி மாறியது: தாமே முன்வந்து பெயர் கொடுத்த திட்டங்களில் செய்த வேலைதான் கணக்கில் சேரும். 2023இல் டி-ஷர்ட்டே நின்றுபோனது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற நிரலின் வாசலில் இதே கூத்து மறுபடி அரங்கேறியது. பயிற்சிக் காணொளி ஒன்றில் அந்தத் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் காட்டியதைப் பார்த்து, இந்திய மாணவர்கள் ஏராளமானோர் தங்கள் பெயரை அதன் ரீட்மீயில் சேர்த்து அனுப்பினார்கள்.

அந்த மாணவர்களைத் திட்டுவது சுலபம். காலேஜ் பிளேஸ்மென்ட்டில் ரெசூமேக்கு ஒரு வரி வேண்டும் என்று அலையும் பிள்ளைக்கு அந்த வரி எங்கே கிடைக்கும் என்று காட்டியவர்கள்மீதுதான் என் குறை. பெயரைச் சேர்த்துப் பழகுவதற்கென்றே திறந்து வைத்திருக்கும் பயிற்சிக் களங்கள் உண்டு. நிரலின் மாற்றங்களைக் கையாளும் கிட் என்ற கருவியின் கட்டளைகளைக் கற்க அவை நல்லவை. அச்சில் கூழ் ஊற்றிப் பழகுவது போல. பழகிய பொம்மையைச் சந்தைக்குக் கொண்டுபோவதில்தான் வில்லங்கம். என் இரண்டு கேள்விகளிலும் இந்த வாசல் தோற்கிறது.

இரண்டாவது வாசல் மொழிபெயர்ப்பு. "நிரல் எழுதத் தெரியாதா? தமிழ் தெரியுமே, மென்பொருளைத் தமிழாக்கு." கேட்க நியாயமாக இருக்கிறது. இதைத்தான் நான் அதிகம் மறுக்கிறேன்.

ஒரு மென்பொருளின் தமிழாக்கப் பட்டியல் முன்பின் தொடர்பில்லாத துண்டுச் சொற்களாகத்தான் கையில் வரும். "ஓப்பன்" என்று ஒரு சொல். திற என்பதா, திறந்திருக்கிறது என்பதா? பொத்தானா, நிலைக் குறிப்பா? பட்டியல் சொல்லாது. அதைவிட மோசம், இடையில் நிரல் தானாக நிரப்பிக்கொள்ளும் வெற்றிடம். "இன்னதை நீக்கவா?" என்ற வாக்கியத்தில் இன்னது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கும். ஆங்கிலத்தில் அங்கே எந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டும்போது பெயரே மாறும். குடம் குடத்தை ஆகும், கிண்ணி கிண்ணியை ஆகும், முருகன் முருகனை ஆவார். அனுபவமில்லாதவர் அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு "ஐ" போட்டு அனுப்பிவிடுவார். திரையில் "குடம் ஐ நீக்கவா?" என்று வந்து நிற்கும்.

வரட்டும், பயன்படுத்துகிறவர்கள் பார்த்துத் திருத்துவார்களே என்றால், இங்கேதான் கசப்பான உண்மை. நம்மில் பெரும்பாலோர் கணினியையும் கைபேசியையும் ஆங்கில முகப்பில்தான் வைத்திருக்கிறோம். தவறான தமிழாக்கம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். திருத்தம் திரும்பி வராது. வந்தவர் எதையும் கற்கமாட்டார். இந்தத் துறையில் முன்பு உழைத்த தமிழா குழுவினரும் ழ கணினித் திட்டத்தினரும் ஒரு கலைச்சொல்லுக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள். எ-கலப்பையை உருவாக்கித் தமிழ்த் தட்டச்சைப் பரவலாக்கிய தலைமுறை அது. அந்த வேலையைத் தொடக்கப் பள்ளிப் பாடமாக்குவது அவர்களுக்கும் மரியாதையில்லை, மொழிக்கும் நல்லதில்லை. மொழிபெயர்ப்பு வேண்டும், அது இரண்டாம் ஆண்டு வேலை.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. ஒரு பக்கம் பழைய நூலின் படம், மறுபக்கம் எந்திரம் படித்துத் தந்த எழுத்து. எது சரி என்பதற்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது. ஒருவர் பார்த்து முடித்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். தான் பார்த்த பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. புதியவரின் வேலையை இன்னொருவர் படித்தே தீர வேண்டும் என்று ஏற்பாட்டிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். மென்பொருள் திட்டங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கு இல்லை.

நிரல் எழுதும் வாசலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. "முதல் வேலைக்கு ஏற்றது" என்று சீட்டு ஒட்டிய வழுக்களைப் பெரிய திட்டங்கள் ஒதுக்கி வைக்கின்றன. அவற்றுக்கு உலகம் முழுக்கக் கைகள் நீள்கின்றன; பழைய லேப்டாப்பில் அந்த மூலநிரலை இறக்கிக் கட்டுவதற்குள் வேறொருவர் முடித்துவிட்டிருப்பார். திறமை உள்ளவர் போகட்டும், தடுப்பாரில்லை.

மிச்சமிருப்பது யாரும் பெருமையாகப் பேசாத வாசல்: வழுவைக் கண்டு, சான்றோடு எழுதிச் சொல்வது.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். உயிர்க்குறியை ஒரே குறியாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. அதைக் கவனிக்காமல் எழுதிய நிரலில் "கொள்ளிடம்" என்று தேடினால், கண்முன்னே இருக்கும் கொள்ளிடம் கிடைக்காது. ஔவையாரின் முதலெழுத்தைச் சரியாக அடிப்பவரும் உண்டு, ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்து ஒப்பேற்றுபவரும் உண்டு. "ஶ" 2005இல் யூனிகோடில் சேர்ந்ததிலிருந்து ஸ்ரீக்கும் இரண்டு குறியீடு. பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். பெர்லினில் உட்கார்ந்து அந்த நிரலைப் பராமரிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவர் கண்ணில் படாது. படிக்கத் தெரிந்தால்தானே? விருத்தாசலத்து மாணவரிடம் அவருக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் பெரிய திட்டமும் இன்னும் பச்சை மண்தான், அங்கே ஒட்டும்.

எப்படி எழுதுவது என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊரில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரிய புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான் என்று கேலி பேசும் நாம், அவர் செய்த ஒரு காரியத்தை மறந்துவிடுகிறோம். போடுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு துணுக்கை, மச்சம் என்பார்கள், வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு வைத்து உரைத்தபோது மாற்றுக் குறைந்தது தெரிந்தது. மச்சம் இல்லாமல் முறையிட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நல்ல வழு அறிக்கைக்கும் மச்சம்தான் உயிர்: பிழையைக் காட்டும் மிகச் சிறிய கோப்பு ஒன்று, நிரலின் பதிப்பு எண், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன.

2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சிறு நிரலுக்குள் யாரோ கள்ளத்தனமாக வைத்த பின்வாசல் அம்பலமானதும் இப்படித்தான். ஜியா டான் என்ற பெயரில் வந்து அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலர் அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்ததற்குத் தொடக்கம், உள்நுழைவுக்கு அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்ற உறுத்தல். அவர் புதியவர் இல்லை, கைதேர்ந்தவர். ஆனாலும் முதல் அடி கவனிப்புதான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு முகம் தெரியாதவரின் நிரலைப் பராமரிப்பாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும் கூடியிருக்கிறது. சரிபார்க்கக்கூடிய அறிக்கைக்கு அந்தச் சங்கடம் குறைவு.

என் தரப்புக்கு எதிராக ஒன்று சொல்லியாக வேண்டும். அறிக்கையும் குப்பையாகும். கர்ல் நிரலைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு புனைந்து தரும் போலி வழு அறிக்கைகளால் நேரம் பாழாவதாக 2024இலிருந்து வெளிப்படையாகவே சொல்லி வருகிறார். தான் கண்ணால் காணாத வழுவை எழுதுபவருக்கு எந்த வாசலும் ஆகாது.

இன்னொரு தடை ஆங்கிலம். நாலு வரி எழுதக் கை நடுங்கும் பிள்ளைக்குத் துணை தேவை. ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுக்கும் மேலாக மாணவர்களை இலவசமாகப் பழக்கி வருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் என்ற மின்னிதழ் தமிழிலேயே கட்டற்ற மென்பொருளைப் பேசுகிறது. தமிழுக்குத் தேவைப்படும் கருவிகளைப் பட்டியலிட்டுப் பொதுவில் வைத்திருக்கிறது. பச்சை மண் நிறையக் கிடக்கும் இடம். ஒற்றை ஆள் தாங்கும் தமிழ்த் திட்டங்கள் சிலவற்றில் அனுப்பிய திருத்தம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும் என்பதையும் தெரிந்தே போக வேண்டும். பச்சை மண்ணும் வெயிலில் கிடந்தால் வெடிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: முதல் ஆண்டு வழு அறிக்கையும் மெய்ப்பும், தனியாக அல்ல, ஒரு குழுவோடு. மொழிபெயர்ப்பும் நிரலும் பிறகு. ரீட்மீத் திருத்தம் கணக்கிலேயே வேண்டாம்.

எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இந்த மண்ணின் பேச்சைத் திரட்டி நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஒரு நூலே செய்து வைத்திருக்கிறார். இன்று மாலை உங்கள் எழுது செயலியில் தமிழ்ச் சொல்திருத்தியை இயக்கி, நிலக்கடலைக்கு இங்கே வழங்கும் "மல்லாட்டை" என்ற சொல்லை அடித்துப் பாருங்கள். அடியில் சிவப்புக் கோடு விழுந்தால், பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.