சுழட்டுதல் என்னும் பிறவினை

ஒரு சமுதாயத்தின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் நீதிநூல்களைப் புரட்டுவதைவிட, அதன் தெருக்களில் வழங்கும் வினைச்சொற்களுக்குச் செவிகொடுப்பது நன்று. மக்கள் எவ்வாறு வாழவேண்டும் என்பதை நீதிநூல் கூறும். அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

பாலாவிச் சந்தியில், புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிக்கு வழி பிரியும் இடத்தில், மாலை வகுப்புக் கலையும் வேளையில் நின்றால் அத்தகைய சொல்லொன்று காதில் விழும். "அவன் அவளைச் சுழட்டுறான்" என்பர். ஒரு பெண்ணின் மனத்தைத் தன்பால் ஈர்க்க இளைஞன் ஒருவன் செய்யும் முயற்சிகள் யாவும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அன்று தொட்டு யாழ்ப்பாணத்துப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் புத்தளத்துப் பேச்சும் இப்பகுதியிற் கலந்து ஒலித்து வருகின்றன. ஊருக்கு ஊர் எத்தனையோ சொற்கள் வேறுபட்டாலும், சுழட்டுதலுக்கு உரை கேட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை.

கழற்று என்பது பேச்சிற் கழட்டு ஆவதுபோலச் சுழற்று என்பதே சுழட்டு ஆயிற்று. சுழல் என்பது தன்வினை. சுழற்று அதன் பிறவினை. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. உண்மையிற் சுழல்பவன் யார்? சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு ஒழுங்கையை நாளுக்கு நான்கு முறை சுற்றுபவன் அவன். பஸ் நிற்குமிடத்திற் காத்துக் கிடப்பவனும் அவன். இன்று கைத்தொலைபேசியில் நள்ளிரவுவரை செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவனும் அவனே. அவளோ தன் வழியே பள்ளிக்குப் போய்த் தன் வழியே வீடு திரும்புகிறாள். ஆயினும் வழக்கு அவனைச் சுழற்றுபவன் ஆக்கி, அவளைச் சுழற்றப்படும் பம்பரம் ஆக்கிவிடுகிறது. நடந்த செயலுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள இந்த முரண் தற்செயலானதன்று.

தமிழகத்து வழக்கையும் ஒப்புநோக்குவோம். மடங்கு என்பதன் பிறவினையாகிய மடக்கு அங்கே இதே பொருளில் வழங்குகிறது. வளைத்துப் போடுதல் என்பதும் உண்டு. கணக்குப் பண்ணுதல் என்பது வணிகனின் பேரேட்டிலிருந்து வந்தது. கரெக்ட் பண்ணுதல் என்பதோ பழுதான இயந்திரத்தைத் திருத்துபவனின் தோரணையைக் காதலுக்குக் கொண்டுவந்துவிட்டது. திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் இச்சொற்களைக் கடல் கடந்து நம் ஊர் வரையிலும் பரப்பிவிட்டன. சொற்கள் பலவாயினும் வாக்கியம் ஒன்றே. ஆண் எழுவாய், பெண் செயப்படுபொருள். அவள் இசைந்தாளா என்ற கேள்விக்கு அவ்வாக்கியத்தில் இடமேயில்லை. பெண்ணை எழுவாயாக்கும் சொற்களும் இல்லாமலில்லை. மயக்கினாள், வசியம் பண்ணினாள், கைக்குள் போட்டுக்கொண்டாள் என்பன அவை. ஆண் முயன்றால் அது சாமர்த்தியம். பெண் விரும்பினாலோ அது சூழ்ச்சி, சூனியம்!

நமது பழைய அகத்திணை மரபு இதனை எவ்வாறு நோக்கிற்று? தலைவன் தலைவியின் இசைவை வேண்டி நிற்கும் நிலைக்கு இரந்து பின்னிற்றல் என்று பெயர். நிற்றல் தன்வினை. நிற்பவன் அவன், அவனை ஏற்பதோ மறுப்பதோ அவளைச் சார்ந்தது. தோழி அவனை எளிதில் ஏற்காது அகற்றி நிறுத்துவதற்குச் சேட்படை என்று ஒரு துறையே வகுத்தனர். மதியுடம்படுத்தல் என்னும் துறைப்பெயரோ பிறவினைதான். ஆனால் அதனுள்ளே உடம்படுதல், அதாவது இசைதல், என்னும் சொல் பொதிந்திருக்கிறது. பிறவினை ஆக்கியபோதும் அவர்கள் இசைவை மறக்கவில்லை. மிகுந்த காமத்தால் வரம்பு கடந்து செல்வதைத் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையிற் சேர்க்காது பெருந்திணையில் ஒதுக்கிற்று.

இதனால் அக்காலம் பெண்ணுக்குப் பொற்காலம் என்று நாம் வாதிட வரவில்லை. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் வாய்விட்டுக் கூறுவதை அதே தொல்காப்பியம் விலக்கியிருக்கிறது. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியதும் அந்நூலே. உழைப்பவனுக்கு உயர்ந்த காதல் இல்லை என்று கருதிய இலக்கணத்தை நாம் எவ்வாறு முழுமையாகப் போற்ற முடியும்? ஆயினும், நிலவுடைமையாளர் காலத்து இலக்கணம்கூட எண்ணிப்பார்த்த இசைவை இக்காலத்து இளைஞனின் சொல் எண்ணாதிருப்பது நம்மை நாணச் செய்ய வேண்டும்.

"கொச்சைச் சொல்லைக் கண்டு முகஞ்சுளிக்கிறீர்களா?" என்று நண்பர் சிலர் கேட்கலாம். இல்லை. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, மக்கள் பேச்சை இழிசனர் வழக்கென்று பழித்த பண்டிதர்களை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர்கள் நின்றனர். அவர்கள் பக்கமே நாமும் நிற்கிறோம். சுழட்டு என்பதைச் சுழற்று என்று திருத்தி எழுதிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன விடிவு கிடைத்துவிடப் போகிறது? சொல்லின் ஒலியில் நமக்குப் பிணக்கில்லை. அது தாங்கி வரும் உறவுதான் நம் வழக்கு. மக்கள் மொழியை எழுத்திற் போற்றுவது, அம்மொழியில் உறைந்துள்ள அநீதியையும் சேர்த்துப் போற்றுவதாகாது.

இச்சொல் வெறும் விளையாட்டு என்போருக்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் கணக்கும் தமிழும் சிறப்பாகப் படித்த மாணவி ஒருத்தி சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டபோது அவளுடைய தாயார் தலைகுனிந்தவாறு, "யாரோ பொடியன் இவளைச் சுழட்டுறானாம் சேர், ஊரெல்லாம் கதை" என்றார். அவனுடன் அவள் ஒரு வார்த்தை பேசியதுமில்லை. சுழட்டியவன் அதன்பின்னும் சந்தியில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குள் இருத்தப்பட்டவள் அவள். வாக்கியத்தில் எழுவாய் அவனாக இருக்க, வாழ்க்கையில் தண்டனை மட்டும் அவளுக்கு வந்தது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகச் சொல்லாற் செய்யப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கிற்று. தமிழகத்திலே, சென்னையிற் கல்லூரி மாணவியொருத்தி இளைஞர்களின் தொந்தரவுக்கு ஆளாகி உயிரிழந்தபின், 1998இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டங்கள் வேண்டியனவே. ஆனால், தாயின் குனிந்த தலையைச் சட்டம் நிமிர்த்திவிடுமா? "நிறுத்தவேண்டியது அவனையா, அவளையா?" என்று ஊர் கேட்கும் நாளிலேதான் அது நிமிரும்.

அந்தக் கேள்வியை எழுப்பும் பொறுப்பு ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் உண்டு. கதையிற் பாத்திரம் சுழட்டுறான் என்று பேசட்டும். மெய்ம்மை அதுவாயின் அவ்வாறே எழுதுவோம். ஆனால், கதாசிரியனும் அந்தச் சொல்லின் கண்கொண்டே அப்பெண்ணைப் பார்ப்பானாயின் அவன் சந்தியில் நிற்பவர்களில் ஒருவனாகிவிடுகிறான். வகுப்பறையில் தன்வினை, பிறவினை கற்பிக்கும்போது நாம் இப்போதெல்லாம் இந்தச் சொல்லையே எடுத்துக்காட்டாகத் தருகிறோம். முதலிற் பையன்கள் சிரிக்கிறார்கள். "சுழல்வது யார்?" என்று கேட்டதும் சிரிப்பு அடங்குகிறது. சென்ற தவணையில், பின்வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து விடை சொன்னாள்: "அவன்தான், சேர்."