அறுந்தாலும் ஒட்டிக்கொள்ளும் இழை

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டை போகும் பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்தாலும், அரட்டைச் செயலியில் தட்டிய செய்தி போய்ச் சேரலாம். இப்படிப்பட்ட செயலிகளுக்காக உழைக்கும் நிரல் நூலகம் சாக்கெட்.ஐஓ. அதன் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் என்ற நெறிமுறை செயலிக்கும் சர்வருக்கும் இடையே இருவழிப் பாதையைத் தந்தது. அறுந்தால் மீண்டும் இணைக்கும் வேலையை நூலகம் ஏற்றது. இயல்பான அமைப்பில் சர்வர் 25 விநாடிக்கொரு முறை ‘பிங்’ அனுப்பும். பதிலுக்கு ‘பாங்’ வராவிட்டால் இணைப்பு போனதென்று முடிவுகட்டும். இணைப்பு அறுந்ததும் செயலிப் பக்கம் ஏறத்தாழ 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, அதிகபட்சம் 5 விநாடிவரை பொறுத்து முயலும். எல்லோரும் ஒரே நொடியில் சர்வரை மொய்க்காதபடி, அந்த இடைவெளியைச் சற்று முன்பின்னாக்கவும் செய்யும். அதுவரை அனுப்ப முடியாத செய்திகள் வரிசையில் காத்திருக்கும்.

நிரல் எழுதுபவருக்கு அனுப்ப ‘எமிட்’, வருவதைக் கேட்க ‘ஆன்’ என்ற இரண்டே கட்டளைகளில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அடுத்தவர் சிரமத்தை இப்படித் தன் தோளில் ஏற்றிக்கொள்வதும் கைவினைதான்.