நிற்கத் தெரிந்தவனுக்கே பந்து

2017 மார்ச். அமெரிக்கக் கால்பந்துக்கு இளம் வீரர்களை எடைபோடும் இண்டியானாபொலிஸ் தேர்வு முகாமில், ஜான் ராஸ் 40 யார்டு தூரத்தை 4.22 விநாடியில் ஓடி முடித்தார். அன்றைக்கு அது முகாமின் சாதனை. அதே முகாமில் கூப்பர் கப்புக்கு 4.62 விநாடி ஆனது. இருவரும் வாஷிங்டன் மாநிலத்தில் கல்லூரி ஆட்டம் ஆடியவர்கள். இருவரும் ஓடியது ஒரே வேலைக்கு: வைட் ரிசீவர், அதாவது வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ராஸை 9-வது ஆளாக எடுத்தது. கப் 69-வது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார்.

2021 சீசனில் கப் பிடித்த பந்துகள் 145, கடந்த தூரம் 1,947 யார்டு, பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்கும் டச்டவுன் 16. மூன்றிலும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் அவரே முதலிடம். ராஸ் தன் என்.எஃப்.எல். வாழ்க்கை முழுவதையும் சேர்த்தும் ஆயிரம் யார்டைத் தொடவில்லை. காயங்கள் அவரை விடாமல் துரத்தியது உண்மை. ஆனால் கப்பும் 2018-ல் முழங்கால் தசைநார் கிழிந்து பாதி சீசனோடு வெளியேறியவர்தான். காயத்துக்கும் அப்பால் ஒரு காரணம் இருக்கிறது. கடிகாரம் ஒருவன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்பதைத்தான் சொல்லும். எப்படி நிற்கிறான் என்பதைச் சொல்லாது. ரிசீவரின் தொழிலோ நிற்பதில்தான் இருக்கிறது.

எதிரே நின்று ரிசீவரைக் காவல்காக்கும் கார்னர்பேக்கின் இடத்திலிருந்து பாருங்கள். முதல் ஐந்து யார்டுக்குள் அவர் ரிசீவரைக் கையால் தள்ளித் தடுக்கலாம், விதி அனுமதிக்கிறது. அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியேறுவது முதல் பாடம். அடுத்து, நேரே அவரை நோக்கியே ஓடிவருகிறான் ரிசீவர். நெடுந்தூரப் பந்துக்குப் போகிறான் என்று பயந்து கார்னர்பேக் இடுப்பைத் திருப்பி ஓடத் தொடங்கும் அந்த நொடியில், இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை ஊன்றி, இரண்டு மூன்று எட்டில் நின்று திரும்ப வேண்டும். நிற்கப்போவதைத் தலையோ தோளோ முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பத்து யார்டில் நிற்கப்போகும் ஓட்டத்தின் வேகமும், நாற்பது யார்டு ஓடும் வேகமும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிய வேண்டும். அப்படிக் கிடைப்பது இரண்டு யார்டு இடைவெளி. அது போதும்.

அந்த இடைவெளியும் சொன்ன நேரத்தில் வர வேண்டும். பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். நல்ல குவார்ட்டர்பேக், ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை வீசிவிடுவார். அவர் வீசுவது ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறதா, பகுதி பிரித்து நிற்கிறதா என்பதை ஓடிக்கொண்டே படித்து, ஓட்டத்தை வெட்டுவதா, காலி இடத்தில் நின்றுவிடுவதா என்று ரிசீவர் முடிவெடுக்கிறார். குவார்ட்டர்பேக்கும் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறாகப் படித்தால் பந்து எதிரணியின் கையில். கப்பின் பெரிய பலமே இந்தப் படிப்புதான்.

பிறகு கை. மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும். கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள். பந்தை உடம்போடு அணைக்கும்வரை கண் அதைவிட்டு விலகக் கூடாது. கோட்டோரம் என்றால் இரண்டு பாதமும் எல்லைக்குள் பட வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஒன்று போதும். பந்து தன்னிடம் வராத ஆட்டங்களில், சகவீரர் ஓட வழிவிட்டு எதிராளியை மறிப்பதும் இதே ஆளின் வேலை.

இது புதிய கதையும் அல்ல. 1985-ல் ரிசீவர் ஜெர்ரி ரைஸ் 16-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். வேகம் போதாது என்ற பேச்சு அவர்மேலும் இருந்தது. கொத்தனாரான அப்பாவுக்குச் சித்தாளாக நின்று, வீசிய செங்கற்களைப் பிடித்துப் பழகிய கை அது. அந்தக் கையும் முதல் சீசனில் பந்துகளை நழுவவிட்டு, ரசிகர்களின் கூச்சலைக் கேட்டது. ரைஸ் பயிற்சியைக் கூட்டினார். சான் பிரான்சிஸ்கோ அருகே ஒரு குன்றில் ஆண்டுதோறும் ஏறி ஓடினார். 20 சீசன்களில் அவர் எடுத்தது 22,895 யார்டு, என்.எஃப்.எல். ரிசீவர்களில் முதலிடம். இரண்டாம் இடத்திலுள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492-ல் நிற்கிறார்.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமில்லாதவனைக் கண்டு எந்தக் கார்னர்பேக்கும் பின்வாங்க மாட்டார். ஆனால் அது கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. உள்ளே பிழைக்க வேறு வித்தை வேண்டும்.

2022 பிப்ரவரி 13, என்.எஃப்.எல்.லின் இறுதியாட்டமான சூப்பர் பவுல். ராம்ஸை எதிர்த்து நின்றது, ஐந்தாண்டுக்கு முன் ராஸைத் தேர்ந்தெடுத்த அதே பெங்கால்ஸ். ஆட்டம் முடிய 1 நிமிடம் 25 விநாடி இருக்கையில், கார்னர்பேக் ஈலை ஆப்பிளின் காவலை மீறி கப் பிடித்த பந்து ராம்ஸுக்கு 23-20 என்று கோப்பையைத் தந்தது. ஆட்டநாயகனும் அவரே. அந்தப் பந்துக்காக அவர் கடக்க வேண்டியிருந்த தூரம் ஒரே ஒரு யார்டு.